காப்பாரில் கிடந்த தயிர் டப்பா

போன மாதம் ஒரு சாயங்காலம், பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தில் தோசை சுடச்சுட மேசைக்கு வந்த நேரம் பார்த்து என் கைப்பேசி அடித்தது. ஐரோப்பாவிலிருந்து மார்த்தா. என் முன்னாள் மேலதிகாரி. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"புவனா, நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறிவிட்டது! இனிமேல் எந்த அரசாங்கமும் நம் வானொலிக்குத் தன் இஷ்டத்துக்கு ஒரு தலைவரைப் போட முடியாது!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் தேநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தை நடத்தும் நண்பர்கள். அவர்களில் கவிதாதான் முதலில் கேட்டாள்.

"என்ன ஆன்ட்டி, லாட்டரி அடிச்சிருச்சா?"

"அதவிடப் பெருசு லா."

விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்கயோ இருக்கற நாட்டு ரேடியோவுக்கு யாரு தலைவரா வந்தா உங்களுக்கு என்ன ஆன்ட்டி? எழுதிக் குடுங்க, போடுறோம்" என்றாள் கவிதா. அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் இங்கே, துறைமுக ஊரான கிள்ளானில். ஆனால் வேலை பார்த்த காலம் முழுவதும் ஓர் ஐரோப்பிய நாட்டின் பொது வானொலிக்குத்தான். மக்கள் கட்டும் வரியில் நடப்பது அது. தென்கிழக்காசியச் செய்திகளுக்காகப் பெட்டாலிங் ஜெயாவில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில், சின்னதாக ஓர் அலுவலகம் வைத்திருந்தார்கள். நாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இன்னும் என் நண்பர்கள் வேலை பார்க்கிறார்கள். குளிர் அதிகம், காப்பி நன்றாக இருக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உள்ளூர்த் தயாரிப்பாளர் என்று என் பதவிக்குப் பெயர். நிருபர் யாரைப் பார்க்க வேண்டுமோ அவரைக் கண்டுபிடித்துப் பேச வைப்பது, மைக்கைப் பிடிப்பது, தமிழையும் மலாயையும் ஆங்கிலத்தில் சொல்வது, வண்டி ஓட்டுவது எல்லாம் நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைமையகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பனியில் வழுக்கி விழுந்தேன், மூன்று வேளையும் உருளைக்கிழங்கு தின்றேன், கொஞ்சம் அவர்கள் மொழியும் கற்றுக்கொண்டேன். பயிற்சியாளர் ஒருவர் சொன்னது மட்டும் இன்று வரை மனதில் நிற்கிறது: "நாம் குறை சொல்லும் ஆளுக்குப் பதில் சொல்லும் உரிமை உண்டு. ஆனால் ஒலிபரப்புக்கு முன்னால் நிகழ்ச்சியைக் கேட்டுப் பார்க்கும் உரிமை வெளியாள் யாருக்கும் கிடையாது. பிரதமருக்கும் கிடையாது."

நிருபர்கள் பலர் வந்து போனார்கள். கடைசியாக வந்து நிலைத்தவர் மார்த்தா. ஒல்லியான உடம்பு, நரைத்த குட்டை முடி. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார். கோயிலுக்குள் நடப்பதுபோல வெறுங்காலோடுதான் நடப்பார். ரம்புத்தான் பழப் பருவத்தில் அவர் மேசை முழுக்கத் தோல் கிடக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நான் எழுதித் தரும் குறிப்புகளில் ஒவ்வோர் அடைமொழி மேலும் பென்சிலை வைத்து நிற்பார்.

"கடும் வெள்ளம் என்று எழுதியிருக்கிறாய். தண்ணீர் எதுவரை இருந்தது?"

"இடுப்பு வரைக்கும்."

"யார் இடுப்பு?"

"என் இடுப்பு."

"அப்படியே எழுது." அடுத்த வாரம் கேட்டவர்கள் எல்லோருக்கும் கிள்ளான் வெள்ளம் ஓர் இந்தியப் பெண்ணின் இடுப்பு வரை வந்தது தெரிந்திருந்தது.

அவர் வந்து சில காலத்தில் அந்த நாட்டில் தேர்தல் நடந்தது. புதிய அரசாங்கம் வந்த கையோடு வானொலியின் தலைமை இயக்குநரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தன் கட்சிக்காரர் ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது. என் கணவர் சேகரிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுபவர்.

"வெள்ளக்காரன் ஊர்லயும் மேலேர்ந்து போன் வருமா? நான் என்னமோ நம்ம பக்கம்தான்னு நெனச்சேன்!"

புதிய இயக்குநரிடமிருந்து முதலில் வந்த உத்தரவு வேடிக்கையானது. வெளிநாட்டிலிருந்து அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் தாய்நாட்டுக்குப் பெருமை சேர்க்கும் ஒரு தகவலாவது இருக்க வேண்டுமாம். நான் கொதித்தேன். மார்த்தா வெறுங்காலை நாற்காலி மேல் மடித்து வைத்துக்கொண்டு ரம்புத்தான் உரித்தார். "உத்தரவு என்றால் செய்துவிட வேண்டியதுதான்" என்றார்.

அந்த வாரம் டுரியான் பற்றிய செய்தி. பழத்தின் வாடையை விளக்கிவிட்டு, அதே குரலில், "நம் நாட்டில் இது விளைவதில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று முடித்தார். அடுத்த வாரம் குரங்குகள் வீடுகளுக்குள் நுழைவதைப் பற்றி. "நம் நாட்டுச் சமையலறைகளில் குரங்குகள் இல்லை." மற்ற நாடுகளில் இருந்த எங்கள் வானொலி நிருபர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பாலைவனத்திலிருந்து ஒருவர், "நம் நாட்டு மணல் இதைவிடக் குறைவு" என்றார். அங்கே கேட்டவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். வேலைக்குப் போகிறவர்கள் பேருந்தில் சிரித்துக்கொண்டே போனார்களாம். உத்தரவு சத்தமில்லாமல் மறைந்துபோனது.

ஆனால் அடுத்து வந்ததில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு நாள் சேகர் வேலை முடிந்து வரும்போது ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

"காப்பார் பக்கம் ஒரு கம்பெனில பொட்டி எறக்கினேன். ரீசைக்கிள்னு சொன்னானுங்க, தொறந்தா பூரா குப்ப. இந்த எழுத்தப் பாரு, தலயில ரெண்டு புள்ளி. உங்க ஆபீஸ் போர்ட்லயும் இப்படித்தானே இருக்கு?"

அது அந்த நாட்டு ரொட்டி உறை. மறுநாள் மார்த்தாவிடம் காட்டினேன். நெடுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் பிளாஸ்டிக்கைக் கழுவி, காயவைத்து, தனித் தொட்டியில் போடுவார்கள். அது முழுவதும் உள்நாட்டிலேயே மறுசுழற்சி ஆகிறது என்று அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சர் மேடைக்கு மேடை பேசி, அதை வைத்தே தேர்தலில் ஜெயித்தவர்.

"ஓர் உறை போதாது, புவனா. போய்ப் பார்ப்போம்" என்றார்.

காப்பாரில், அந்தத் தொழிற்சாலை வேலியை ஒட்டிய சாலையில் தனலெட்சுமி அக்கா தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், விற்கும் கடை வைத்திருந்தார். முதல் நாள் மைக்கைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மூன்றாம் தடவை போனபோது அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குப்பைய எரிக்க ஆரம்பிச்சா கடைய மூடிருவேன் மேடம். சாப்பாட்டுல கரி விழுது, எவன் சாப்பிடுவான்? என் மகளுக்கு மூச்சு இழுக்குது. கிளினிக்குக்கும் வீட்டுக்கும் அலையறோம். யாரு வீட்டுக் குப்பன்னே எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சாவாவது திட்டலாம்."

எங்கள் வேலை முறை இதுதான். அக்கா சொன்னதை இன்னும் இரண்டு வீடுகளில் கேட்டு உறுதிப்படுத்தினோம். துறைமுகத்தில் கப்பல் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தோம். தொழிற்சாலை முதலாளியைக் கேட்டோம்; கதவைச் சாத்தினார், சாத்திய ஓசையைப் பதிவு செய்தோம். பேசி முடித்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்காமல் நின்று, அந்த இடத்தின் வெறும் ஓசையைத் தனியாக எடுப்பது வழக்கம். எடிட் செய்யும்போது ஒட்டுப் போட உதவும். காப்பாரில் அப்படி நின்றபோது வேலிக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் பொரியும் சத்தம் கேட்டது. மார்த்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சியின் முக்கால் பாகம் தயாரானதும் அமைச்சருடைய அலுவலகத்துக்குக் கேள்விகளை அனுப்பி, பதில் சொல்ல ஒரு வாரம் தந்தோம். "வீட்டுக் கழிவு எதையும் நாங்கள் ஏற்றுமதி செய்வதில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. பின்னாலேயே தலைமையகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு.

மார்த்தா ஒலிபெருக்கியைப் போட்டு என்னையும் கேட்க வைத்தார். பேசியவர் இயக்குநரின் உதவியாளர். சரிபார்ப்பதற்காக ஒலிப்பதிவை அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டுமாம்.

"தாராளமாக. யார் உத்தரவு என்று குறித்துக்கொள்கிறேன்" என்றார் மார்த்தா. "உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்."

மறுமுனையில் இருமல்.

"இது உத்தரவு இல்லை. ஆலோசனை."

"அப்படியா? ஆலோசனைக்கு நன்றி. உத்தரவானதும் காரணத்தோடும் கையெழுத்தோடும் அனுப்புங்கள். அதையும் நிகழ்ச்சியில் வாசித்துவிடுகிறோம்."

அவர் குரலில் கோபமே இல்லை. மருந்துக்கடையில் மருந்து கேட்பதுபோல இருந்தது. பேசி முடித்ததும் ஒரு ரம்புத்தானைக் கையில் எடுத்தார். அதை உரிக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். அலுவலகத்தையே மூடிவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் மகன் அப்போது பல்கலைக்கழகத்தில் முதல் வருடம்.

கையெழுத்து வரவில்லை. அதற்குப் பதிலாக ஓர் ஆளே வந்து இறங்கினார். பெயர் ஹென்ரிக். இயக்குநர் நேரில் தேர்ந்தெடுத்து அனுப்பிய 'உள்ளடக்க ஒருங்கிணைப்பாளர்'. அதற்கு முன்னால் வானொலியில் கால்பந்து வர்ணனை செய்துகொண்டிருந்தவர். பெரிய உருவம், இடி மாதிரிக் குரல். வெறுக்கலாம் என்று தயாராக இருந்தேன். வந்ததும் வராததுமாக என் ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்கி மாடிக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

வானொலி ஊழியர் என்பதால் நிகழ்ச்சியைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. மார்த்தா போட்டுக் காட்டினார். கேட்டு முடித்துவிட்டு, "ஓர் உறையை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போடலாம். இது நம் நாட்டுக் குப்பை என்று எப்படி நம்புவது?" என்றார்.

மார்த்தா வாதாடவில்லை. "நல்ல கேள்வி. புவனா, இவரைக் காப்பாருக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றார். தான் வரவில்லை என்றும் சொல்லிவிட்டார். கூட இருந்தால் தானே எதையோ எடுத்துக் காட்டி நம்ப வைத்ததாக ஆகிவிடுமாம்.

கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஹென்ரிக் எனக்கு ஒரு கோலை முழுதாக வர்ணித்துக் காட்டினார். அக்கா கடையில் முதலில் சாப்பிட உட்கார்ந்தோம். சோற்றோடு வந்த மிளகாய்ச் சம்பலை ஒரே வாயாகப் போட்டுக்கொண்டதும் அவர் முகம் தக்காளிப் பழமானது.

"பாஸ், காரம் ஓகே லா?" அக்கா ஐஸ் தண்ணீரை நீட்டினார். ஹென்ரிக் கண்ணீரோடு கட்டைவிரலை உயர்த்தினார். இன்னொரு பொட்டலமும் கேட்டார்.

அன்று தொழிற்சாலையின் பின்பக்க வேலி ஓரிடத்தில் சரிந்து, குப்பை மேடு சாலையோரம் வரை வழிந்திருந்தது. மேலே புகை. ஹென்ரிக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து கிளறினார். ரொட்டி உறை, சலவைத்தூள் பை, நாய்த் தீனிப் பை, எல்லாம் அவர் மொழியில். "எல்லாம் பெரிய கம்பெனிகள். இவை எந்த நாட்டுக் கடையிலும் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் மைக்கோடு பின்னாலேயே போனேன்.

பிறகு ஒரு தயிர் டப்பாவை எடுத்தார். வெள்ளை டப்பா, அதில் நீல நிறப் பசு. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை கீழே விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

"இது என் அம்மா ஊர்ப் பால்பண்ணை" என்றார். "அந்தச் சிறு நகரத்தைத் தாண்டி இது எங்கும் விற்காது. எங்கள் வீட்டு மேசையில் தினமும் இந்தப் பசு இருக்கும். அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு டப்பாவையும் வெந்நீரில் கழுவி, மூடியைத் தனியாக வைப்பாள். பூமிக்கு நல்லது என்பாள்."

பின்னால் வந்து நின்ற அக்கா, "என்னவாம் அவருக்கு?" என்று கேட்டார். தமிழில் சொன்னேன். அக்கா டப்பாவை வாங்கி உள்ளே பார்த்தார்.

"பாவம் அந்தம்மா. கழுவித்தான் போட்டிருக்காங்க" என்றார். "அவங்கள நான் எப்படித் திட்டுவேன்?"

அதை அப்படியே ஹென்ரிக்கிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கைப்பேசியை எடுத்து இயக்குநரை அழைத்தார். அவர்கள் மொழி எனக்குப் பாதிதான் புரியும். அன்று முழுதும் புரிந்தது. கால்பந்து மைதானமே கேட்கும் குரல் அது.

"நானே பார்த்துவிட்டேன். உண்மைதான். இல்லை, கேளுங்கள், நான் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நிறுத்த வேண்டுமென்றால் நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நான் போட மாட்டேன்."

யாரும் போடவில்லை. அந்த வாரக் கடைசியில் நிகழ்ச்சி ஒலிபரப்பானது. அங்கே காலை, இங்கே பிற்பகல். பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் நாங்கள் மூவரும் தலையோடு தலை இடிக்க உட்கார்ந்து கேட்டோம். அமைச்சரின் ஒரு வரிப் பதிலை மார்த்தா ஒரு சொல் குறைக்காமல் வாசித்தார். அதற்குப் பிறகு குப்பைக்குள்ளிருந்து ஒவ்வொரு பெயராக ஹென்ரிக் வாசித்தார். கடைசியில் நீலப் பசு. அது வந்தபோது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. மார்த்தா அதை வெட்டாமல் விட்டிருந்தார்.

அடுத்த இரண்டு நாளில் மார்த்தாவை விசாரணைக்கு வரச் சொல்லித் தலைமையகம் அழைத்தது. மேலிடத்துக்குக் கீழ்ப்படியவில்லை என்பது குற்றச்சாட்டு. விமான நிலையத்தில் அவர் என் கையில் அலுவலகச் சாவியைத் தந்து, "ரம்புத்தான் வீணாகிவிடும், நீ எடுத்துக்கொண்டு போ" என்றார். வரும் வழியெல்லாம் அழுதேன். சேகர் வண்டியை ஓட்டினார்.

விசாரணை அன்று அங்கே என்ன நடந்தது என்பதை, ஊர் திரும்பியிருந்த ஹென்ரிக் எனக்குக் காணொளியில் காட்டினார். வானொலிக் கட்டடத்து வாசலில் கூட்டம். யார் கூப்பிட்டார்கள் என்று இன்று வரை தெரியாது. கிழவிகள், பள்ளி ஆசிரியர்கள், சைக்கிளில் வந்த பிள்ளைகள். ஒவ்வொருவர் கையிலும் கழுவின தயிர் டப்பா. வாசல் படியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். இயக்குநர் கார் உள்ளே போக வழியில்லை. இறங்கி, டப்பாக்களுக்கு நடுவே காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். முன்வரிசையில் ஊன்றுகோலோடு ஒரு வயதான அம்மா. "என் அம்மா" என்றார் ஹென்ரிக். "நான் வரச் சொல்லவே இல்லை!"

உள்ளே, ஆலோசனை யார் சொன்னது, உத்தரவு யார் போட்டது என்று மார்த்தா கேட்டிருக்கிறார். "நான் சொல்லவில்லை" என்று ஒவ்வொருவராகக் கையை விரித்திருக்கிறார்கள். "யாருமே உத்தரவு போடவில்லை என்றால் நான் யாருக்குக் கீழ்ப்படியவில்லை?" என்று மார்த்தா கேட்டாராம். கையெழுத்துக் கேட்டும் வரவில்லை என்பதற்குச் சாட்சியாக ஹென்ரிக் இருந்தார். விசாரணை அத்தோடு முடிந்தது. மாதக் கடைசிக்குள் மார்த்தா பெட்டாலிங் ஜெயா அலுவலகத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஹென்ரிக்குக்கு அந்தப் பதவி போனது. கால்பந்துக்கே திரும்பிவிட்டார், அதைவிட அவருக்குச் சந்தோஷம் வேறில்லை. இங்கே அதிகாரிகள் காப்பார் தொழிற்சாலைக்குப் பூட்டுப் போட்டார்கள். அங்கே அமைச்சர் முதலில் மறுத்து, பிறகு விசாரிப்பதாகச் சொல்லி, கடைசியில் திறக்காமல் கிடந்த கொள்கலன்களைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்.

அவற்றைத் துறைமுகத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் வேலையைச் சேகர் தன் கம்பெனியில் கேட்டு வாங்கினார். மார்த்தாவும் நானும் மைக்கோடு லோரியில் ஏறி அவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தோம். அக்கா கடை வாசலில் நின்று எங்களுக்கு ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம் கொடுத்தார். அவர் மகள் கையசைத்தாள். காற்று சுத்தமாக இருந்தது, மார்த்தா கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டுப் பாடிக்கொண்டே வந்தார்.

துறைமுகத்தில் பாரந்தூக்கி அந்தக் கொள்கலனை லோரியிலிருந்து மெல்லத் தூக்கியது. மூவரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். என் கையில் மைக் ஓடிக்கொண்டிருந்தது. சேகர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அதைப் பார்த்து வீசினார்.

"போய்ட்டு வராத!"

நான் சிரித்ததில் பதிவே ஆடியது. மார்த்தா என்ன என்ன என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். சொன்னேன்: எங்கள் மொழியில் வீட்டை விட்டுக் கிளம்பும் யாரையும் போ என்று மட்டும் சொல்லமாட்டோம், போய்விட்டு வா என்போம்; இவர் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார். அவருக்கு அது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. பிடிபட்டதும் துறைமுகத் தரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதை அவர் மொழிபெயர்க்கவில்லை. சேகரின் குரலை அப்படியே தமிழில் விட்டு, பின்னால் விளக்கம் மட்டும் சொல்லி ஒலிபரப்பினார். அந்தக் குளிர் நாட்டில் அப்புறம் பல நாள் ஜனங்கள் பழைய சோபாவைத் தூக்கிப் போடும்போதும், பிடிக்காத அமைச்சர் பதவி விலகும்போதும், கொச்சையாக அந்தத் தமிழ் வாக்கியத்தைச் சொன்னார்களாம். உச்சரிப்பு படுமோசம் என்று மார்த்தா சொன்னார். சேகர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பதிவைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானே சொல்றானுங்க" என்றார்.